வாரநாளிலும் விடுமுறையிலும் பிக்கப் வண்டி



இன்றைய உரையில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பிக்கப் வண்டி. முன்னால் ஆட்கள் அமர ஓர் அறை. பின்னால் சாமான் ஏற்ற ஒரு திறந்த தட்டு. உருவம் இவ்வளவுதான். ஆனால், நம்மிடையே இந்த வண்டி செய்கின்ற வேலைகளுக்குக் கணக்கு வழக்கில்லை. செம்பனைக் குலைகளைச் சுமப்பது, புல் வெட்டும் இயந்திரங்களைக் கொண்டுபோவது, பசார் மாலாமில் காய்கறி இறக்குவது, கலியாண வீட்டுக்குப் பந்தல் சாமான் சேர்ப்பது, தைப்பூசத்தின்போது தண்ணீர்ப்பந்தலுக்கு வேண்டியவற்றை ஏற்றிச் செல்வது, எல்லாம் இந்த வண்டிதான். திங்கள் முதல் சனி வரை இப்படி உழைத்த வண்டி, பள்ளி விடுமுறை வந்துவிட்டால், கூடாரமும் சோற்றுப் பானையும் பிள்ளைகளுமாகக் காட்டாற்றங்கரைக்குப் புறப்பட்டுவிடுகிறது.

ஒரே வண்டி இரண்டு வேலைகளையும் செய்வது குடும்பத்துக்குச் சிக்கனம். ஆயினும், இரண்டுக்கும் வேண்டிய அறிவு ஒன்றாக இருப்பதில்லை. தார்ச் சடக்கில் பத்து ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர்கூடச் சேற்றிலும் ஓடுகின்ற நீரிலும் புதியவரே. ஆகவே, இந்த வண்டி எப்படி வேலை செய்கிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பவற்றை இன்று சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' காரின் பின்புறத்தில் சாமான் தட்டு பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. 1932-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி அதே நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று கூறுவர். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கோரிக்கை. லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதற்கேற்ப ஒரு வண்டியை வரைந்தார். 1934-இல் அது விற்பனைக்கு வந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே வண்டி என்ற ஆசை நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

நம் நாட்டுத் தோட்டங்களில் இவ்வகை வண்டியாக நன்கு அறியப்பட்டது லேண்ட் ரோவர். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. போருக்குப்பின் எஃகு கிடைப்பது அரிதாயிருந்ததால் அதன் உடலை அலுமினியத் தகட்டால் செய்தனர். துரைமார் பால்மரக் காடுகளைச் சுற்றிவந்த வண்டி என்று நம் பெரியவர்கள் இன்றும் அதை நினைவுகூர்வர். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் முட்டைக்கோசு சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. 1968-இல் டொயோட்டா நிறுவனத்தின் ஹைலக்ஸ் வந்தது. பிற ஜப்பானிய வண்டிகளும் தொடர்ந்தன. துரைக்கு மட்டுமே உரியதாயிருந்த வண்டி, குத்தகைக்காரர் கைக்கும், பிறகு சாதாரணக் குடும்பத்தார் கைக்கும் வந்து சேர்ந்தது.

சரி, இனிப் பாரத்தைப் பற்றிப் பேசுவோம். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கன அளவைக் கற்பிக்கும்போது, பள்ளி வாசலில் நிற்கும் பிக்கப்பின் தட்டை அளக்கச் சொல்வதுண்டு. நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஒரு கன மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 1.125. உலர்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.6 டன் எடை இருக்கும். ஆகவே, தட்டு நிறைய மணல் என்றால் 1.8 டன். இத்தகைய வண்டிகள் தாங்கக்கூடிய பாரமோ ஏறத்தாழ ஒரு டன்தான். அந்த ஒரு டன்னில் வண்டிக்குள் அமர்ந்திருப்போரின் எடையும் அடங்கும். ஆளுக்கு 70 கிலோ என்று ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போய்விட்டது. மீதி 650 கிலோ. அவ்வளவு மணலைத் தட்டில் பரப்பினால் உயரம் 18 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு!

விடை வந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தட்டு முழுக்க மணல் ஏற்றிய வண்டிகளை அவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள் அல்லவா? இடம் இருக்கிறது என்பதற்காக ஏற்றுவது தவறு, எடைதான் கணக்கு. மழையில் நனைந்த மணல் இன்னும் அதிக எடை கொண்டது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். செம்பனைக் குலையும் அப்படியே. ஒரு குலை 20 கிலோ என்றால் 50 குலைகளில் ஒரு டன் ஆகிவிடும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கனமான பொருளை அடியில், முன் அறையை ஒட்டி வைக்க வேண்டும். பின்கதவை ஒட்டிப் பாரம் சேர்ந்தால், பின்சக்கரத்தை நடுவாகக் கொண்டு வண்டி ஏற்றப்பலகைபோல் ஆகிவிடும். பின்புறம் தாழும், முன்புறம் இலேசாகும். முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்தால் சுக்கான் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வெறுந்தட்டுடன் போகும்போது இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு. பாரம் தாங்குவதற்காகப் பின்புறத்து வில்பட்டைகள் விறைப்பாக அமைக்கப்பட்டுள்ளன. பாரமில்லாவிட்டால் பின்சக்கரம் சடக்கை இறுகப் பற்றாது. மழைக்காலத்தில் வெற்றுப் பிக்கப் வளைவில் வழுக்கிச் சுழல்வது இதனால்தான். சமையல் வாயுத் தோம்புகளை நிமிர்த்தி வைத்துக் கட்டுவதும், கித்தானை நான்கு மூலையிலும் இறுக்குவதும் சொல்லாமலே விளங்கும்.

எண்ணெய்ச் செலவையும் இங்கே சொல்லிவிடுவோம். நம் நாட்டில் பெரும்பாலான பிக்கப் வண்டிகள் டீசலில் ஓடுபவை. 2019-ஆம் ஆண்டு முதல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலக்கப்படுகிறது. தோட்டத்தில் நாம் சுமந்த குலை, வேறு வடிவில் வண்டிக்கே திரும்பி வருகிறது! 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தபோது, வண்டியை நம்பிப் பிழைப்போர் பலரும் கையைப் பிசைந்தனர். தேவையற்ற சாமான்களைத் தட்டிலேயே சுமந்து திரிவதும், காற்றுக் குறைந்த டயரில் ஓடுவதும் எண்ணெயை வீணாக்கும். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, நாங்கள் ஆசிரியர்கள் என்ற முறையில் அழுத்திக் கூற விரும்பும் செய்திக்கு வருவோம். தட்டில் பிள்ளைகளை ஏற்றும் வழக்கம் நம்மிடம் இன்னும் மறையவில்லை. கோயில் திருவிழாவுக்கும், ஆற்றுக்கும், சில நேரங்களில் பள்ளிக்கும்கூடப் பிள்ளைகள் தட்டில் அமர்ந்து வருகிறார்கள். கேட்டால், "ரெண்டு மைல்தானே வாத்தியாரே, மெதுவாத்தானே போறோம்!" என்கிறார்கள் பெற்றோர். மெதுவு என்பது எவ்வளவு? மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். அந்த வேகத்தில் தூக்கி எறியப்படுவது, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது, இரண்டு மாடி வீட்டின் கூரையிலிருந்து விழுவதுபோல. எந்தத் தாயாவது பிள்ளையைக் கூரை விளிம்பில் உட்கார வைப்பாரா? தட்டில் இருக்கை இல்லை, இருக்கை வார் இல்லை, மேற்கூரை இல்லை. ஒரு நாய் குறுக்கே ஓடினாலும் போதும். நம் நாட்டில் பின்னிருக்கையில் இருப்போரும் வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009-இல் நடைமுறைக்கு வந்தது. சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது 2020-இல் வந்தது. இவை பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சட்டங்கள் அல்ல. எல்லாரும் உள்ளே அமர இடமில்லை என்றால் இரண்டு நடையாகப் போகலாம். அரை மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

அடுத்து, தார்ச் சடக்கை விட்டு மண்பாதையில் இறங்குவோம். நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் வண்டிகளில், முன் அறையில் ஒரு திருகு அல்லது நெம்புகோல் இருக்கும். அதில் 2எச், 4எச், 4எல் என்று குறித்திருப்பார்கள். 2எச் என்றால் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை. 4எச் என்றால் நான்குக்கும் விசை. 4எல் என்றால் நான்குக்கும் விசை, அதோடு வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுக்கும் வலு அதே அளவு கூடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பை நினைத்துப் பாருங்கள். நால்வர் கைகோத்து நடந்து, மூலையில் திரும்பும்போது, உள்பக்கம் இருப்பவன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நடக்கிறான். வெளிப்பக்கம் இருப்பவன் எட்டி எட்டி நடக்கிறான். வண்டி வளைவில் திரும்பும்போதும் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். இதற்கு இடம் கொடுக்கவே டிஃபரன்ஷியல் என்னும் பல்லிணை இரு சக்கரங்களுக்கும் நடுவே வைக்கப்பட்டுள்ளது. ஆனால், அதற்கு ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், விசை முழுவதும் அந்தச் சக்கரத்திலேயே சுழன்று வீணாகும்; காய்ந்த நிலத்தில் இருக்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். இந்நிலையில் எண்ணெய் மிதியை மேலும் அழுத்தினால், சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.

முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும்கூட வளைவில் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் 4எச் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுவிடும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சடக்கில் வழுக்க இடமில்லை. பல்லிணைகள் முறுக்கேறிச் சேதமடையும். ஆகவே, தாருக்கு 2எச், மண்ணுக்கு 4எச், செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கும் ஆழ்ந்த சேற்றுக்கும் 4எல் என்று நினைவில் வைத்துக்கொள்வோம். சேற்றில் இறங்கிய பிறகு மாற்றலாம் என்று இராமல், இறங்குமுன் வண்டியை நிறுத்தி மாற்றிக்கொள்வதே முறை. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கீழ்க் கியரில் இட்டு, இயந்திரமே வண்டியைத் தடுத்துப் பிடிக்குமாறு இறங்க வேண்டும்.

சிக்கிய வண்டியை இழுப்பதிலும் உயிருக்கு ஆபத்து உண்டு. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் கயிற்றை மாட்டி இழுக்கவே கூடாது. அது ஒடிந்தால் பீரங்கிக் குண்டுபோல் பாயும். வண்டியின் சட்டத்தோடு பொருத்தப்பட்ட கொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தொலைவில் எல்லாரும் விலகி நிற்க வேண்டும். எஃகுக் கம்பியாக இருந்தால், அதன் நடுவில் கனமான ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் அதன் வீச்சு குறையும்.

இப்போது ஆற்றைப் பற்றி. 1997-ஆம் ஆண்டு தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டியைப் படங்களில் பார்த்துவிட்டு, நாமும் ஆற்றில் இறங்கலாம் என்று நம் இளைஞர்கள் எண்ணுகிறார்கள். அந்தப் போட்டியில் இறங்குபவை அதற்கெனவே மாற்றியமைத்த வண்டிகள். பக்கத்தில் மீட்புக்குழுவும் நிற்கும். ஓடுகின்ற நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் சிறு கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பிக்கப் உட்பட பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். நீர் இயந்திரத்தின் காற்றுக்குழாய்க்குள் புகுந்துவிட்டாலோ, வேறொரு கேடு. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. உள்ளே போன நீரைப் பிஸ்டன் அழுத்த முயலும்போது, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பழுதுபார்க்கப் பல்லாயிரம் வெள்ளி செலவாகும். வண்டிக்குத் தவணைப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, திங்கட்கிழமை வண்டி ஓடவில்லை என்றால் உலையில் என்ன வைப்பது?

கூடாரம் அடிக்கும் இடத்தைத் தேர்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஆற்று நடுவிலுள்ள மணல்திட்டு அழகாய் இருக்கும். ஆனால், அங்கே தங்கலாகாது. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம், மேலே மலையில் பெய்த மழையால் வருவது. நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் குச்சிகளும் மிதந்து வருவதும், ஆற்றின் இரைச்சல் மாறுவதும் அதன் அறிகுறிகள். கண்டவுடன் சாமான்களை எண்ணாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். கரையோர மரக்கிளைகளில் குப்பை கூளம் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு வெள்ளம் வந்த மட்டம் அதுவே. ஆற்றைக் கடந்து அக்கரையில் தங்கினால், இரவில் நீர் ஏறிவிட்டபின் திரும்பும் வழி அடைபட்டுவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆற்றை விட்டு மலைச்சரிவின் அடியில் தங்குவதும் ஆபத்தே. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், சிலாங்கூரின் பத்தாங் காலிப் பகுதியில் ஒரு முகாம் இடத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். பள்ளி விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கச் சென்றவர்கள் அவர்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தப்ப நேரமில்லை. சரிவில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் நீர் ஆகியவற்றைக் கண்டால் அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். பல நாள் மழைக்குப் பின் மலையடிவாரத்துக்கே போகாமல் இருப்பது நலம். "முன்பணம் கட்டிவிட்டோமே" என்று தயங்க வேண்டாம்.

டுரியான் மரத்தடியிலும், பட்ட கிளைகள் தொங்கும் மரத்தடியிலும் தங்கக் கூடாது என்பதை நம் பாட்டிமாரே சொல்வர். அவர்கள் காலத்தில் இல்லாத ஓர் ஆபத்தை நாம் சொல்ல வேண்டும். குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குவதும், கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பதும் கொல்லும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் விழிக்கமாட்டார். மேலும், காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் அவ்வழியே வரும். முகாமிலிருந்து திரும்பிய சில நாட்களில் காய்ச்சல் கண்டால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் கூறுங்கள்.

புறப்படுமுன் செய்யவேண்டியவையும் உண்டு. நிரந்தரக் காட்டு ஒதுக்கிடங்களுக்குள் நுழைய 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். காட்டுக்குள் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காது என்று எண்ணியே திட்டமிடுங்கள். கடைசியாக அலை கிடைத்த இடத்தை நினைவில் வைத்திருந்தால், 999 எண்ணை அழைக்க எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்பது தெரியும். தனி வண்டியாகப் போகாமல், குறைந்தது இரண்டு வண்டிகளாகப் போவது நன்று.

இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. நாம் விளையாட்டாக ஓட்டுகின்ற அந்த மண்பாதைகளில் பல, ஓராங் அஸ்லி மக்களின் கிராமங்களுக்குச் செல்லும் ஒரே வழி. ஈரத்தில் சக்கரத்தைச் சுழற்றி நாம் உண்டாக்கும் பள்ளத்தில், மறுநாள் அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சிக்கிக்கொள்ளும். அதில் நோயாளி இருக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கலாம். ஒரு காலத்தில் மழை பெய்தால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாமல் தோட்டத்துச் செம்மண் பாதையில் தவித்தவர்கள் நாம். அந்தத் துன்பத்தைப் பிறருக்கு நாமே உண்டாக்கலாமா? பாதை மிகவும் ஈரமாயிருந்தால் திரும்பிவிடுவோம். கொண்டுபோன நெகிழிப் பையையும் போத்தலையும் தட்டிலேயே போட்டுத் திரும்பக் கொண்டுவருவோம். அதற்குத் தட்டில் நிறைய இடம் இருக்கிறது.

வீடு திரும்பியபின் வண்டியின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். ஆழ்ந்த நீரில் இறங்கியிருந்தால் பல்லிணை எண்ணெயையும் பார்க்க வேண்டும். அது பால் கலந்த தேநீர்போல் மாறியிருந்தால், நீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். காற்றுக் குறைத்த டயர்களுக்குத் தார்ச் சடக்கு ஏறுமுன்பே காற்று நிரப்பிவிட வேண்டும்.

நேயர்களே, பிள்ளைகளை ஆற்றுக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பறையில் நாங்கள் படம் வரைந்து காட்டுகின்ற இருவாட்சியையும் பெரணியையும் அவர்கள் நேரில் காணட்டும். போகும்போது எல்லாரையும் உள்ளே அமர்த்தி, வார் பூட்டி, தட்டில் சாமான்களை மட்டும் ஏற்றிச் செல்லுங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயரை அழைத்தாலும் "வந்துட்டேன் சார்" என்ற குரல் எங்களுக்குக் கேட்க வேண்டும்.